சாமரக்காரி திரும்பி வந்த விவரம்

அது ஆகஸ்ட் கடைசியா, செப்டம்பர் முதல் வாரமா என்பது இப்போது சரியாக நினைவில் இல்லை. சிலை வந்த லாரியின் நிறத்தைக்கூட ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். ஆனால் சாமரம் வீசும் பெண்ணின் சிலை நின்றபடி வெளிநாடு போய், உட்கார்ந்தபடி திரும்பி வந்தது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

நாலடி உயரக் கருங்கல் சிலை. பாலசமுத்திரம் பக்கம் ஏரி தூர் வாரும்போது கிடைத்தது. யாரோ ஒரு ராணிக்குப் பக்கத்தில் நின்று வீச வேண்டியவள். ராணி கிடைக்கவில்லை, இவள் மட்டும் கிடைத்தாள். திருப்பதியில் ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்த ஒரு சிறிய அருங்காட்சியகத்தில், இல்லாத ராணிக்கு வீசிக்கொண்டு முப்பது வருடம் நின்றாள். பிறகு இரவலாகக் கேட்டு ஐந்து நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் இரண்டு வருடம் நின்றாள். அனுப்பும்போது நிலை அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் சம்பத். சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன், ஏழாவது வருடமாக ஒப்பந்த ஊழியன். அவனை நிரந்தரமாக்கும் கோப்பு மேலிடத்தில் இருந்தது. பொருள் போகும்போது எழுதிய அறிக்கையும் வரும்போது எழுதும் அறிக்கையும் வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டும். அந்த வேலைக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்.

இரவல் போய் வந்த பெட்டியை உடனே திறக்கக் கூடாது. கல் உள்ளூர் வெக்கைக்குப் பழகும்வரை ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு நாளில்தான் தவறு நடந்தது. கூட்டிப் பெருக்கும் பச்சையம்மாள், வெளியூரிலிருந்து யார் வந்தாலும், மீட்டர் பார்க்க வந்தவராக இருந்தாலும்கூட, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறவள். பெட்டியின் மேல் ஒரு சொம்பை வைத்து, “வாம்மா, எம்மாந்தூரம் போய் வந்துகீற, உக்காரு” என்றாள். சம்பத் ஓடி வந்து சொம்பை எடுத்தான். “அக்கா, ஈரம் பட்டா என் வேல போயிடும்.” சொம்பை எடுக்க விதி இருந்தது. வார்த்தையை எடுக்க எந்த விதியும் இல்லை.

மறுநாள் காலை பத்தரைக்குத் திறந்தார்கள். முத்திரை உடையவில்லை, எண்ணும் சரியாக இருந்தது. சிலை ஒரு காலை மடித்து, சாமரத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நிற்கும் உருவத்துக்கென்று அறுத்துப் பொருத்திய பஞ்சுகூட உட்காரும் உருவத்துக்கு அச்சாகப் பொருந்தியிருந்தது. படிவத்தில் கீறல், உடைவு, கறை, பூஞ்சை என்று கட்டங்கள் இருந்தன. நான்கிலும் சம்பத் ‘இல்லை’ என்று எழுதினான். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

காவல்துறைக்கு அவ்வளவு குழப்பம் இல்லை. அசலை விற்றுவிட்டு வேறொன்றை வைத்திருக்கிறார்கள், கையெழுத்து சம்பத்துடையது, நின்ற சிலை எட்டு நாளில் வராவிட்டால் அவன் உள்ளே போக வேண்டும் என்றார்கள். காப்பாட்சியர் கோபிகிருஷ்ணன் படித்தவர், யோசித்தார். பணிப்பெண்தானே, பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பாள் என்று ஒவ்வொருவராக வரவழைத்தார். தாசில்தார் வந்தார். மாவட்ட அதிகாரி சைரனோடு வந்தார். காவலாளி எழுந்தான், டிக்கெட் கொடுக்கிறவர் எழுந்தார், பார்க்க வந்த யாத்திரிகர்கள்கூட எழுந்தார்கள். சிலை எழவில்லை. மாவட்ட அதிகாரிக்கு அது கொஞ்சம் மனவருத்தம்தான் என்று பிறகு சொன்னார்கள்.

ஆறாம் நாள் சம்பத்துக்குச் சொம்பு ஞாபகம் வந்தது. அவன் சொன்னதைக் கேட்ட கோபிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. “சொன்னவங்களே எழுந்திருக்கச் சொல்லட்டும். ஒரு வார்த்தைதானே” என்றார், ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பச் சொல்வதைப் போல.

பச்சையம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “அதுமட்டும் நம்மால ஆவாது நைனா. உக்காருன்னு சொன்ன வாயால ஏந்திருன்னு எப்பிடிச் சொல்றது? நாளைக்கு என் வூட்டுக்கு எவ வருவா?”

“நான் ஜெயிலுக்குப் போறேன், அக்கா. அது பரவால்லியா?”

“இன்னா பேச்சு பேசற நீ? அந்தப் படிவத்த வெச்சிக்கினு ஆறு நாளா சுத்தி சுத்தி வந்தியே, அவ கால ஒருதபா பாத்தியா?”

அவன் குனிந்தான். அனுப்பும்போது எடுத்த படத்தில் காற்சிலம்புக்கும் கணுக்காலுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடம் இருந்தது. இப்போது சிலம்பு காலுக்குள் புதைந்திருந்தது. இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தன. கட்டைவிரலால் அழுத்தினான். கருங்கல் குழிந்தது, விரலை எடுத்த பிறகும் குழி சிறிது நேரம் நின்று, மெல்ல மேலே வந்தது. வெளியே கூட்ஸ் ரயில் ஒன்று முழுதாகப் போய் முடிந்தது.

அன்று பிற்பகல் அவன் இரண்டு காகிதங்கள் எழுதினான். ஒன்று, சிலை திரும்பி வந்ததற்கான அறிக்கை: கால் வீக்கம், ஓய்வு தேவை. இன்னொன்று, வாக்குமூலம்: சிலை முதலிலிருந்தே உட்கார்ந்துதான் இருந்தது, போகும்போது ‘நின்ற நிலை’ என்று எழுதியது என் கவனக்குறைவு. அறிக்கைகள் ஒத்துப்போய்விட்டன, காவல்துறை வழக்கை மூடியது. அறுபது புகைப்படங்கள் அவள் நின்றதைக் காட்டின. அவை தவறான கோணத்தில் எடுக்கப்பட்டவை என்று ஆணை வந்தது. ஐந்து நாட்டு அருங்காட்சியகங்களும் தங்கள் புத்தகங்களைத் திருத்திக்கொண்டன. அதில் ஒன்று, தங்களுக்கு அப்போதே சந்தேகம் இருந்ததாகவும் மரியாதை கருதிச் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தது.

கோபிகிருஷ்ணன், உட்கார்ந்தபடி சாமரம் வீசும் சிலைகளின் மரபைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பதவி உயர்வில் விஜயவாடாவுக்குப் போய்விட்டார். பச்சையம்மாள் இன்னும் அங்கேதான் கூட்டுகிறாள். நிற்பதற்கும் உட்கார்வதற்கும் வித்தியாசம் தெரியாதவர் என்ற குறிப்போடு சம்பத்தின் கோப்பு திரும்பி வந்தது. இப்போது அவன் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஏசி பெட்டிகளைக் கட்டி அனுப்பும் பிரிவில் இருக்கிறான், தூக்கம் நன்றாக வருகிறது என்கிறான். சிலையைச் சென்ற மாதம் மறுபடியும் ஒரு நாடு இரவல் கேட்டது. ஓய்வில் இருப்பதால் அனுப்ப இயலாது என்று பதில் போனது. அவர்கள் அதை ஏற்றுக்கொண்டு, விரைவில் நலம் பெற வாழ்த்தி ஒரு அட்டை அனுப்பியிருக்கிறார்கள். அது பதிவேட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது.