ஒட்டுப்பால் புகை

என் புருஷன் இருளப்பனுக்கு ஆளைப் பார்த்ததும் படிக்க ஒரு புத்தகம் நீட்டாவிட்டால் தூக்கம் வராது. பழம்பெருமை பேசும் கங்காணிக்குச் சரித்திரம், தாயத்துக் கட்டுகிறவளுக்கு விஞ்ஞானம், பெண்சாதியை அடிக்கிற சின்னத்தம்பிக்குச் சமூகம். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த கையோடு புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். எனக்கு எரிச்சலாக வரும்.

தொண்ணூற்றெட்டில், வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்தபோது, பக்கத்துத் தோட்டத்தில் தமிழ்ப் பத்திரிகை வைத்திருந்த ஒருவனை ஆமிக்காரர்கள் அடித்து இழுத்துப் போனார்கள். செய்தி வந்த மத்தியானமே எங்கள் லயத்து வரிசைவீட்டுச் சனம் புத்தகங்களை எல்லாம் முற்றத்தில் கொண்டுவந்து கொட்டியது.

"ஐயோ, அது சரித்திரம்யா! வெடிமருந்தா வெச்சிருக்கீங்க?" என்று இவர் கத்தினார். யார் கேட்டது?

அடுப்பு மூட்டுவதென்றால் எங்களுக்கு ஒட்டுப்பால்தான். மரத்தில் காய்ந்து கிடக்கும் அந்த ரப்பரை அள்ளிப்போட்டுக் கொளுத்தினார்கள். கன்னங்கரேலென்று புகை எழும்பியது. எஹலியகொட றோட்டில் போன ஜீப் ஒன்று அதைப் பார்த்துவிட்டு நேரே மேலே ஏறி வந்தது.

துவக்கோடு இறங்கிய ஆமிக்காரர்கள் சாம்பலைக் கிளறி, எரிந்தது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்கள். சரித்திரம், விஞ்ஞானம் என்று இவரும் சிங்களத்திலேயே சொன்னார். நல்ல புத்தகத்தை ஏனடா எரித்தீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள்.

முதல் அடி இவர் வாயில் விழுந்தது. துவக்குப் பிடியால் நெஞ்சில் இடித்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவரின் வயிற்றில் சப்பாத்துக் காலால் மிதித்தார்கள். ஒரு புத்தகத்தையாவது காட்டு, விடுகிறேன் என்றான் அவர்களில் பெரியவன்.

கதவு கதவாக ஓடினேன். "ஒன்னு இருந்தா குடுங்கக்கா, அவர கொல்றாங்க!" வாங்கிய புத்தகத்தை ஒருநாளும் ஒழுங்காகத் திருப்பித் தராத சனம், அன்றைக்கு ஒரு தாளைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பாழாய்ப் போன சனம்!

கடைசிக் காம்பராவில் ஜெயம்மா அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தாள். "இன்னும் படிக்கலன்னு அண்ணன் ஏசுவாருன்னு ஒளிச்சு வெச்சேன்டி" என்று அழுதாள்.

பிடுங்கிக்கொண்டு ஓடினேன். பெரியவன் பிரித்தான். பக்கத்துக்குப் பக்கம் கோழிப் படம். கோழி வளர்த்து வியாபாரம் செய்வது எப்படி என்று சொல்கிற புத்தகம். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவர்களும் சிரித்தார்கள்.

"மெச்சரத?" என்றான். இவ்வளவுதானா என்று கேட்கிறான், பாவி.

கீழே பார்த்தேன். இவர் கண் திறந்தபடி கிடந்தார். மூச்சு இல்லை.

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "இவ்வளவுதான்யா! இவ்வளவுதான்!"