வெறும் வயிற்றில் வரவும்

நோயலிடம் குடும்பம் ஒப்படைத்தது ஒரே ஒரு வேலை. ராத்திரி பத்து மணியிலிருந்து மறுநாள் காலை ஸ்கேன் முடியும்வரை அப்பா கில்பர்ட்டின் வாய்க்குள் தண்ணீர் தவிர எதுவும் போகக்கூடாது. எலெக்ட்ரானிக் சிட்டி ஐ.டி. கம்பெனியில் பதினாறு பேரை மேய்க்கிறவனுக்கு இது ஒரு வேலையா என்று அவன் சிரித்தான்.

மூளை எங்கெங்கே சர்க்கரையைச் செலவழிக்கிறது, எங்கே கைவிட்டுவிட்டது என்று பார்க்கிற ஸ்கேன் அது. ரத்தத்தில் சாப்பாட்டுச் சர்க்கரை ஏறியிருந்தால் படம் கெட்டுவிடும். உடம்பை அசைக்க உதவுகிற டோபமீனைப் பார்க்கிற வேறொரு ஸ்கேன் போன வாரமே ஆகியிருந்தது. பளிச்சென்று தெரிய வேண்டிய இடம் அதில் மங்கிக் கிடந்தது. முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவரின் நடை ஏன் சுருங்கியது என்பதற்கு அது பதில். யாருமே இல்லாத வீட்டு ஹாலில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் நிற்பதாக ஏன் சொல்கிறார் என்பதற்கு இன்றைய படம் பதில் சொல்ல வேண்டும். இந்த நாளை வாங்க அக்கா லீனா மூன்று வாரம் போன் போட்டிருந்தாள். மல்லேஸ்வரத்திலிருந்து அவள் நேரே சென்டருக்கு வருவதாக ஏற்பாடு.

அப்பாவோடு ஆஸ்டின் டவுனில் ஏறிய கேப்பில் நோயல் ஆபீஸ் போன் காலில் இருந்தான்.

"பசிக்குதுடா" என்றார் கில்பர்ட். பதினோராவது தடவை சொன்னபோது, "யாருப்பா பின்னாடி?" என்று மேனேஜர் கேட்டுவிட்டார். நோயல் ஒரு பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தி, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் அடைத்த தில்பசந்த் ஒன்று வாங்கிப் பாதியைக் கொடுத்தான். பாதி என்ன செய்துவிடும்? மீதிப் பாதியையும் கொடுத்ததற்குக் காரணம், போன் கால் இன்னும் முடியவில்லை.

சென்டரில் டெக்னீஷியன் யாமினி கில்பர்ட்டின் விரலில் குத்திப் பார்த்தாள். இருநூற்று நாற்பத்தெட்டு.

"ஐயா ஏதாச்சும் சாப்ட்டாரா சார்?"

"சே, இல்லையே."

லீனா அவனைப் பார்த்தாள். சர்வர் படுத்துக்கொண்டால், மறுநாள் கூட்டத்துக்கு வராதவன் தலையில் பழியைக் கட்டிவிடுவது நோயல் தொழிலில் பழகிய வித்தை. இங்கே எல்லோரும் வந்திருந்தார்கள். அவன் அப்பா பக்கம் திரும்பி, மிகுந்த அக்கறையோடு கேட்டான்: "டாடி, எனக்குத் தெரியாம எதாவது சாப்ட்டீங்களா?"

கில்பர்ட் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"சாப்ட்ருப்பேன். தெரியல" என்றவர், மகளிடம், "சாரிம்மா" என்றார்.

"ஐயாவுக்குன்னு காலைல செஞ்சு வந்த ஸ்கேன் ஊசி மருந்து சார். எடுத்து வைக்க முடியாது, ரெண்டு மணி நேரத்துல வீரியம் பாதியாயிடும்" என்றாள் யாமினி.

டாக்டர் குணசேகர் வந்தார். விஷயத்தைக் கேட்டு, ஃபைலில் ஒரு வரி எழுதினார்: காலையில் சாப்பிட்டதே நினைவில்லை.

"ஞாபகம் பரவால்லன்னு சொன்னீங்களேம்மா. அத வச்சுத்தான் ஒரு நோயச் சந்தேகப்பட்டேன். இப்படி மறக்கறார்னா வேற பக்கமும் யோசிக்கணும். மாத்திரையும் மாறலாம்."

"நேத்து வரைக்கும் நல்லா இருந்தாரே டாக்டர்." லீனா அப்பாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "டாடி, என் பேர் சொல்லுங்க."

"லீனா" என்றார் கில்பர்ட், வாத்தியார் முன் நிற்கிற பையனைப் போல. சரியா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

நோயல் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"நான்தான் குடுத்தேன்."

"என்னத்த?" என்றாள் லீனா.

"தில்பசந்த்."

"எவ்ளோ?"

"பாதி." லீனா எழுந்து நின்றாள். "முழுசு" என்றான்.

டாக்டர் எழுதிய வரியை ஒரே கோடாக அடித்தார், வியாழக்கிழமை வரச் சொன்னார், போனார். யாமினி கிளவுஸைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழற்றினாள். லீனா திட்டுவாள் என்று நோயல் காத்திருந்தான். அவள் அந்த உதவியைச் செய்யவில்லை.

"அப்ப நான் சாப்ட்டது நெஜந்தானா?" என்றார் கில்பர்ட். "எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. தேங்காப்பூ பல்லுல மாட்டிச்சு. நீ இல்லன்னு சொன்னியா, சரி, அந்தப் பிள்ளைங்க மாதிரி இதுவும் எனக்கு மட்டும் தெரியுது போலன்னு நெனச்சிக்கிட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை.

மூவரும் வெளியே வந்தார்கள். லீனா ஒரு பக்கம், நோயல் ஒரு பக்கம், நடுவில் கில்பர்ட் சின்னச் சின்ன அடியாக. ரோட்டில் ஸ்கூட்டரில் இரண்டு பேர் போனார்கள். பின்னால் இருந்தவன் ஒரு கட்டிலைத் தலைமேல் தூக்கிப் பிடித்திருந்தான். கில்பர்ட் நின்றுவிட்டார்.

"நோயல், ஸ்கூட்டர்ல கட்டில் போகுதா?"

"போகுது டாடி. நெஜமாவே போகுது."

கில்பர்ட் தலையாட்டினார். பிறகு லீனாவின் பக்கம் திரும்பி, அவளும் சொல்வதற்காகக் காத்திருந்தார்.