மடித்து வைத்த கீழ்ப்பாதி

அருங்காட்சியகத்தில் பலகை எழுதுவது என் வேலை. எந்தப் பானையானாலும் எந்தக் காசானாலும், பக்கத்தில் தொங்கும் நாற்பது வார்த்தை என்னுடையது. "உன் கை பட்டா ஓட்டாஞ்சில்லும் பேசும்மா" என்பார் மேலாளர். அப்படி ஒரு பேச்சைக் கேட்பதற்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன். செய்தும் தொலைத்தேன்.

மலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே வண்டிகள் ஓடிய பழைய பாதையைப் பற்றிக் கண்காட்சி வைத்தோம். வண்டித் தலைவன் ஒருவன் துறைமுகத்திலிருந்த மச்சானுக்கு எழுதிய கடிதம்தான் அதில் முக்கியமான பொருள். மேல்பாதி இப்படி: "தேன் பன்னிரண்டு குடம், தோல் ஐம்பது, உருப்படி இருபத்தெட்டு. வழியெல்லாம் பாட்டுதான், மச்சான்."

கீழ்ப்பாதி இப்படி: "பாட வைக்காவிட்டால் கால் நகர மாட்டேன் என்கிறது. இரண்டு வழியிலேயே விழுந்துவிட்டது. கயிறு போதவில்லை, கொடுத்தனுப்பு."

மாட்டைப் பாட வைக்க முடியாது. உருப்படி என்றால் விற்கக் கொண்டுபோன மனிதர்கள் என்று படித்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "குடும்பமா வர்ற இடம், கலகலன்னு எழுது" என்றார் மேலாளர். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன். கடிதத்தை நடுவில் மடித்து, மேல்பாதி மட்டும் தெரியும்படி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது இந்தக் கைதான். பலகையில் எழுதினேன்: "வியாபாரிகள் களைப்புத் தெரியாமல் பாட்டும் சிரிப்புமாய்ப் போன பாதை இது." கடிதத்தில் சிரிப்பு எங்கே இருக்கிறது? அது என் சொந்தச் சரக்கு.

எங்கள் கூடத்துக் காவலரைச் சாவி என்றுதான் கூப்பிடுவோம். இடுப்பில் எப்போதும் கொத்து குலுங்கும். ஆறு வருஷமாக நான் அவருக்கு அக்கா. சாயங்காலம் கூடத்தைப் பூட்டிவிட்டு என் மேசைக்கு வந்து, "இன்னைக்கு அறுபது உருப்படிக்கா" என்பார். பார்க்க வருகிறவர்களைத்தான் அப்படிச் சொல்வார். கடிதம் வந்த வாரத்தில் அந்தக் கிண்டலைத் தொடங்கி வைத்த புண்ணியவதி நான்.

என் பலகையை அவர் மனப்பாடம் செய்துவிட்டார். வருகிறவர்களை நிறுத்தி ராகம் போட்டுச் சொல்வார். கடைசியில் ஒரு பாட்டும் உண்டு. அவருடைய அம்மா வழி ஆட்கள் மலையிலிருந்து அந்தப் பாதையில் வந்தவர்களாம். வீட்டில் மிஞ்சியது அந்தப் பாட்டு மட்டும்தான், அதன் வார்த்தைகளுக்கு யாருக்கும் அர்த்தம் தெரியாது.

"எங்காளுங்க யாருன்னே தெரியாம இருந்தோம்க்கா. வியாபாரிங்கன்னு உங்க பலகையப் பார்த்துதான் தெரிஞ்சுது," என்றார். காலால் தரையைத் தட்டித் தட்டிப் பாடுவார். ஜனம் கை தட்டும். நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என் மேசை முன்னால் வந்து நின்றார். "அம்மாவுக்கு ரொம்ப முடியலக்கா. அந்தக் கடுதாசிய முழுசா ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, படிச்சுக் காட்டணும்."

"கீழ்ப்பாதியச் செல்லு அரிச்சிடுச்சு, சாவி."

பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது. மேல்பாதியை மட்டும் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து வேறு முத்து முத்தாக இருந்தது, சனியன்.

திங்கட்கிழமை கூடத்துக்கு விடுமுறை. கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்து துடைக்கும் நாள். திறக்கிற ஆள் அவர்தான் என்பது என் மரமண்டைக்கு ஏன் உறைக்கவில்லையோ. நான் உள்ளே போனபோது கடிதம் விரிந்து கிடந்தது. பழைய எழுத்தின் மேல் விரல் வைத்து, வருகிறவர்களுக்குச் சொல்லும் அதே ராகத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். "பாட வைக்காவிட்டால் கால் நகர மாட்டேன் என்கிறது" என்ற இடத்தில் ராகம் நின்றது. மீதியை வாய்க்குள்ளேயே படித்தார்.

திரும்பி என்னைப் பார்த்தார். "செல்லு அரிக்கலையேக்கா. நல்லாத்தானே இருக்கு."

கூனிக் குறுகிப் போனேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அம்மாகிட்ட நேத்தே படிச்சுக் காட்டிட்டேன்," என்றார். "சிரிச்சாங்க. நான் வியாபாரி வீட்டுப் பொண்ணாடான்னு கேட்டாங்க."

"நான் பலகைய மாத்தி எழுதிடறேன், சாவி."

அவர் கடிதத்தை விரித்தபடியே வைத்துப் பெட்டியைப் பூட்டினார்.

அன்றைக்கே புதுப் பலகை எழுதினேன். மேலாளர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும் என்று நானே கொண்டுபோய் மாட்டினேன். செவ்வாய்க்கிழமை முழுக்கப் பாட்டு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை. சாயங்காலம் கொத்து குலுங்க என் மேசைக்கு வந்தார்.

"இன்னைக்கு நாப்பத்தொரு பேரு, மேடம்," என்றார்.