டாக்டர் சொல்லாத தடை

மிதுனாவுக்கு வலது கண் பிறந்ததிலிருந்தே மங்கல். இடது கண்ணை நம்பித்தான் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்துவந்தாள். அந்தக் கண்ணில் வைரஸ் தொற்று வந்து ஆறியபின், கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடிப் படலத்துக்குள் சிவப்பு நூல்போல இரத்தக் குழாய்கள் வளரத் தொடங்கின. எதிரில் நிற்பவரின் முகம்கூடப் புகைமூட்டமாகியது.

குழாய்களை வளரவிட்டால், பிறகு தானமாகக் கிடைக்கும் படலத்தைப் பொருத்தினாலும் உடம்பு ஏற்காமல் போகலாம் என்று டாக்டர் எச்சரித்தார். வைரஸுக்குக் குளிசையும் வீக்கத்துக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார். குழாய்களை ஒடுக்கக் கண் வெள்ளையில் ஊசி போட்டார். மிதுனா லீவு எடுத்து வெள்ளவத்தை வீட்டில் படுத்துவிட்டாள்.

கணவன் கிஷாந்த் நேரம் தவறாமல் மருந்து விட்டான், கைபிடித்துப் படியிறக்கினான், அவளுடைய ஃபோனையும் தானே வைத்துக்கொண்டான். அவள் பள்ளிக்கூடம் போகாதது அவனுக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. அங்கே சங்கீதம் படிப்பிக்கும் திலக்ஷனைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். தன்னோடு கதைக்கும்போது அவள் அப்படிச் சிரித்ததாகக் கிஷாந்துக்கு ஞாபகமில்லை.

ஒரு பின்னேரம் திலக்ஷன் தோடம்பழப் பையோடு வந்தான். கிஷாந்த் கதவைப் பாதி திறந்து, ஒருவரையும் பார்க்க விட வேண்டாம் என்பது டாக்டரின் கட்டளை என்று சொல்லி அனுப்பிவிட்டான். அடுத்த கிழமை வந்தபோதும் அதே பொய். பள்ளிக்கூடத்தில் தன்னை மறந்துவிட்டார்கள் என்று மிதுனா விம்மியபோது, அவரவர்க்கு ஆயிரம் வேலை என்று தலையைத் தடவினான்.

ஊசி மருந்து வேலை செய்தது. குழாய்கள் சுருங்கின. தழும்பு மிஞ்சினாலும் முகங்கள் தெரிந்தன. பள்ளிக்கூடம் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் மிதுனா பூரித்துப்போனாள். இன்னும் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டுமே என்று கிஷாந்த் இழுத்தான்.

அன்றே வீட்டுக்குத் திரும்பும் வழியில், கடைகள் நெருங்கிய காலி வீதியில் திலக்ஷன் எதிரே வந்தான். கிஷாந்த் அவசரமாக அவளை ஒரு கடைக்குள் திருப்பப் பார்த்தான். அதற்குள் அவளே கண்டுவிட்டாள்.

"கண் எப்பிடி ரீச்சர்? ரெண்டு தரம் வந்தனான். ஒருத்தரையும் விட வேண்டாமெண்டு டாக்டர் சொன்னவராம்."

மிதுனா கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓம் சேர், அப்ப அப்பிடித்தான்" என்றாள்.

வீட்டுக்கு வந்துதான் காரணம் கேட்டாள்.

"அவரைப் பற்றிக் கதைக்கேக்க உமக்கு வாற சிரிப்பு என்னோட வாறதில்லை. என்னால தாங்க ஏலேல்லை."

"ஒருத்தரும் வரேல்லையெண்டு நான் அழுதனான். நீங்கள் பக்கத்தில இருந்து கண்ணைத் துடைச்சுவிட்டனீங்கள்."



அன்றே தன் ஃபோனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள், சொட்டு மருந்தையும் தானே விட்டுக்கொண்டாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை திலக்ஷனைத் தேநீருக்கு அழைத்திருப்பதாகவும், கிஷாந்த் கட்டாயம் வீட்டில் நிற்க வேண்டும் என்றும் சொன்னாள்.

திலக்ஷன் வந்தான். பள்ளிக்கூடத்து விழாவில் ஒலிவாங்கி கழன்று, பேச வந்த பள்ளிக்கூட அதிபரின் கையோடு வந்த கதையைச் சொன்னான். மிதுனா கண்ணில் நீர்வரச் சிரித்தாள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கிஷாந்துக்கு அந்தச் சிரிப்பு முன்னைப்போலவே சுட்டது. வேலை இருக்கிறதென்று எழும்பிப் போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டான்.

மிதுனா சிரித்துக்கொண்டே அந்தக் கதையை முதலிலிருந்து அவனுக்குச் சொல்லத் தொடங்கினாள்.