புஷ்பவல்லி சொன்ன அமைதி

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், என் கண்ணுகளா. இந்த மின்விசிறிச் சத்தத்தில் நான் சொல்வது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. ஒரே ஒரு வார்த்தை செய்த வேலையைச் சொல்லப்போகிறேன். கேட்டு முடித்த பிறகு எழுந்து போகலாம்.

மலேசியாவில், கிள்ளானில், மேரு பக்கத்து அடுக்குமாடியில் புஷ்பவல்லி என்று ஒருத்தி இருந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. புருஷன் போய்ப் பல காலம். ஒரே பிள்ளை முகுந்தன். அந்த வட்டாரத்தில் இரண்டு கோயில். யார் ரதம் முன்னால் போவது என்று வருஷாவருஷம் தகராறு. ஒரு திருவிழாவில் அது கைகலப்பாகிவிட்டது. விலக்கிவிடப் போன முகுந்தனின் பின்மண்டையில் யாரோ இரும்புக் கம்பியால் அடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பிள்ளை போய்விட்டான்.

யாரோ. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அத்தனை பெரிய கூட்டத்தில் பார்த்தவர் ஒருவர்கூட இல்லையாம்.

அந்த வட்டாரத்துத் தலைவர் கமலநாதன், அரசாங்கம் டத்தோ பட்டம் கொடுத்த மனிதர். அவரைப் பொல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பழிவாங்கப் பையன்கள் பாராங்கத்தியோடு கிளம்பியபோது நடுரோட்டில் நின்று மறித்தவர் அவர்தான். மறு வருஷம் இரண்டு கோயில்காரர்களையும் ஒரே வடத்தைப் பிடித்து இழுக்க வைத்தார். அதற்குப் பிறகு அங்கே அடிதடி இல்லை.

கருமாதி அன்று அவர் வீட்டுக்கு வந்தார். புஷ்பவல்லி அவரிடம் ஒன்றைத்தான் கேட்டாள்.

"யாருங்கய்யா அடிச்சது? பேரு மட்டும் சொல்லுங்க."

"தெரியும்மா. இப்பச் சொன்னா மறுபடியும் வெட்டுக்குத்துதான். கொஞ்ச நாளைக்கு அமைதியா இருங்க. நானே வந்து சொல்றேன்."

அவள் அமைதியாக இருந்தாள். வேலைக்குப் போனாள், வந்தாள். சாயங்காலத்தில் கீழே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், முகுந்தன்தான் வந்துவிட்டான் என்று தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். பிறகு இறக்கி வைப்பாள். அழுகை வரவில்லை. தலைக்கு வைத்துப் படுத்த கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி. டத்தோ வரவே இல்லை.

அப்போதுதான் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று அவருக்குப் பெரிய அமைதி விருது கொடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. கீழ்த்தளத்து மளிகைக் கடையில் வேறு பேச்சே இல்லை.

"குடுக்கட்டுமே! இப்ப ரோட்டுல நிம்மதியா நடக்கிறோமா இல்லையா?"

"நீ எங்கண்ணே நடக்கிற? வாசல்வரைக்கும் மோட்டார்ல வர்ற ஆளு."

"சிரிக்காத லா. அந்த மனுஷன் இல்லேன்னா இன்னும் நாலு பாடை போயிருக்கும்."

"சரி, போன பாடைக்கு யாரு பதில் சொல்றது?"

புஷ்பவல்லி முட்டை வாங்க உள்ளே வந்தாள். பேச்சு நின்றுவிட்டது. மீதிச் சில்லறையைக்கூடக் கடைக்காரர் சத்தமில்லாமல் வைத்தார்.

விருதுக்காரர்கள் விசாரிக்க ஒரு வெள்ளைக்கார அம்மாளை அனுப்பினார்கள். மொழிபெயர்க்க வந்தவள் பூச்சோங் பெண், மாதவி. வீடு வீடாகப் போய்ப் புஷ்பவல்லி வீட்டுக்கும் வந்தார்கள்.

"டத்தோ இங்க அமைதி கொண்டுவந்தாரான்னு கேக்கறாங்க, ஆன்டி."

"அவருதாம்மா என்னை அமைதியா இருக்கச் சொன்னாரு. அமைதியாத்தான் இருக்கேன். வீடும் அமைதியா இருக்கு."

மாதவிக்குக் களைப்பு. இன்னும் பார்க்க வேண்டிய வீடுகள் இருந்தன. "அவர் எனக்கு நிம்மதி தந்தார், என் வீட்டில் நிம்மதி நிலவுகிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். வெள்ளைக்கார அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. புஷ்பவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று இவளுக்கு விளங்கவில்லை.

விருது விழா கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. டத்தோவுக்குப் பொன்னாடை போர்த்த புஷ்பவல்லியை வேனில் கூட்டிவந்தார்கள். பேர் தெரிந்துவிடும் என்றுதான் அவளும் வந்தாள். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. அதில் ஒரு பெண்ணின் படம், கீழே மலாயில் எழுத்து. அவளுக்கு மலாய் வாசிக்க வரும். என் வீட்டில் நிம்மதி நிலவுகிறது. யார் இப்படிச் சொன்னது என்று நிமிர்ந்து பார்த்தாள். படத்தில் இருந்தது அவள்தான்.

பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினாள். பொன்னாடையை அவர் தோளில் போர்த்தியபடியே காதோரம் கேட்டாள்.

"யாருங்கய்யா?"

அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அமைதியா இருங்கம்மா. அப்புறம் பேசலாம்" என்றார்.

சட்டையில் குத்தியிருந்த மைக்கை அவர் மறந்துவிட்டார். மண்டபத்தின் ஒலிபெருக்கி எல்லாம் ஒரே நேரத்தில் "அமைதியா இருங்கம்மா" என்றது.

கைதட்டல் பாதியில் நின்றது. வெள்ளைக்கார அம்மாள் திரும்பி, என்ன சொன்னார் என்று கேட்டாள். மாதவியின் முகம் வெளுத்துப்போனது.

"வாயத் திறக்காம இருங்கன்னு சொல்றாரு. அன்னைக்கு இவங்க சொன்னதும் அதான். நான்தான் தப்பா மாத்திட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்த அம்மாள் பதாகையைப் பார்த்தாள். கேடயத்தில் பெயர் முன்பே பொறித்தாகிவிட்டது, கொடுத்தார்கள். பின்வரிசையில் சிலர் தட்டினார்கள். பிறகு சாப்பாடு போட்டார்கள்.

புஷ்பவல்லி சாப்பிடாமல் வாசலில் வந்து நின்றாள். பின்னாலேயே ஒரு ஆள் வந்தார்.

"அக்கா, என் பேரு நாகையா. ரதத்துக்குப் பின்னால ஜெனரேட்டர் லோரி ஓட்டினவன். நான் பார்த்தேங்க்கா."

அவள் திரும்பினாள்.

"என்கிட்டயும் அதே வார்த்தையத்தான் சொன்னாரு, அமைதியா இருன்னு. நீங்க நிம்மதியா இருக்கீங்கன்னு பேனர்ல வேற போட்டிருந்தாங்க. சரி, அக்காவே ஆறிட்டாங்க, நாம எதுக்குக் கிளறணும்னு நெனச்சேன்."

"நான் ஆறலப்பா."

"தெரிஞ்சுபோச்சுக்கா. ஸ்பீக்கர்ல கேட்டேனே."

அவர் பெயரைச் சொன்னார். அதை நான் இங்கே சொல்லமாட்டேன், கண்ணுகளா. அது கோர்ட்டில் சொல்ல வேண்டிய பெயர். கேட்டதும் நெஞ்சில் ஏதாவது அசையும் என்று புஷ்பவல்லி காத்திருந்தாள். ஒன்றும் அசையவில்லை.

"இத போலீஸ்ல சொல்லுவியா?"

"லோரி அந்தா நிக்குது. ஏறுங்க."

கிள்ளான் போகும்வரை அவள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். மறந்துவிடக்கூடாதே என்று. நாகையா ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டினார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. டத்தோவின் கேடயம் அவர் அலுவலகக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அவருக்கு அது தகுமா தகாதா என்று கடையில் இன்னும் சண்டை. ஆனால் இப்போது புஷ்பவல்லி உள்ளே வந்தால் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. அவளும் முட்டையை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று கேட்கிறாள்.

போய்வாருங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீடு சத்தமாக இருக்கட்டும். பாத்திரம் உருளட்டும், பிள்ளைகள் ரிமோட்டுக்கு அடித்துக்கொள்ளட்டும். சாயங்காலமானால் மோட்டார் வந்து நிற்கட்டும், வந்தவர் பசிக்கிறது என்று வாசலிலிருந்தே கத்தட்டும்.