ரேமண்டுக்குப் பக்கத்து இடம்

அமெரிக்கப் பூர்வகுடிக் குலம் ஒன்று நடத்தும் சூதாட்ட விடுதியின் சலவை அறையில் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். டெல்ஃபின் மூன்று மாதமாகத் தனியாகத்தான் மடிக்கிறாள். ஒரு முனையை மேசை விளிம்பில் வைத்து இடுப்பால் அழுத்திக்கொண்டு, மறு முனையை இழுத்து நீவுவாள். பதினோரு வருடம் எதிரே நின்று பிடித்தவள் வேறு மேசைக்குப் போய்விட்டாள். சண்டையெல்லாம் இல்லை. பேச்சுதான் நின்றுபோயிற்று.

குலப் பதிவேட்டிலிருந்து டெல்ஃபின் குடும்பத்தை நீக்கிவிட்டதாகக் கடிதம் வந்ததிலிருந்து இப்படி. அவளுடைய அம்மா எல்வைனாவின் பாட்டி பெயர் பழைய கணக்கெடுப்பில் இல்லையாம். கணக்கெடுத்த வாரம் பாட்டி பேரித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போயிருந்தாள், கணக்கெடுக்க வந்தவன் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான் என்று எல்வைனா குலத்தை நிர்வகிக்கும் கவுன்சிலில் போய்ச் சொன்னாள். மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஒன்றும் மாறவில்லை.

நவம்பரில் எல்வைனா இறந்தாள். கடைசியாக அவள் கேட்டது ஒன்றுதான். மலைச்சரிவில் இருக்கும் குலத்துக் கல்லறையில், இருபது வயதில் செத்துப்போன மகன் ரேமண்டுக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும்.

டெல்ஃபின் வேலை உடுப்போடு கவுன்சில் அலுவலகத்துக்குப் போனாள். மார்வின் இருந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே எல்வைனா வீட்டுக்கு வந்து சாப்பிட்டு வளர்ந்தவன், இப்போது கவுன்சில் உறுப்பினர். நாற்காலியைக் காட்டினான். அவள் உட்காரவில்லை.

“ரேமண்ட் பக்கத்துல இடம் சும்மாதான கெடக்கு மார்வின்.”

“இடத்துக்கு என்னக்கா கொறச்சல். பதிவுல இல்லாதவங்கள அங்க பொதைக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாச்சு.”

“நீ கை தூக்குனியா?”

மார்வின் பேனாவை மூடி வைத்தான். “எல்லாரும் தூக்குனோம்.”

“ரேமண்ட் பேரையும்தான எடுத்தீங்க? அவனத் தோண்டி வெளிய போடுவீங்களா?”

“செத்தவங்களத் தொட மாட்டோம்க்கா.”

“எங்கம்மாவும் செத்துட்டாடா.”

அடக்கம் எப்போது என்று மட்டும் மார்வின் கேட்டான். சொன்னாள்.

சனிக்கிழமை மாலை, பக்கத்து ஊரின் பொதுக் கல்லறையில், நெடுஞ்சாலையை ஒட்டிய கடைசி வரிசையில் புதைத்தார்கள். பாதிரியாரையும் குழி வெட்டிய இருவரையும் தவிர யாரும் வரவில்லை. டெல்ஃபின் குலத்து வழக்கப்படி இருபது பேருக்கு ஓக் கொட்டைக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்திருந்தாள். குழி வெட்டியவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு கிண்ணம் குடித்தார்கள். பாதிரியாருக்கு வேறொரு வீட்டில் வேலை இருந்தது.

எல்லாரும் போன பிறகு அவள் மண்மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். லாரிகள் போகும்போதெல்லாம் பானை மூடி அதிர்ந்தது.

இருட்டத் தொடங்கியதும் சாலைக்கு எதிர்ப்புறம் விடுதியின் விளம்பரப் பலகையில் விளக்குகள் எரிந்தன. ‘எங்கள் மண்ணுக்கு வாருங்கள்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே, விடுதி திறந்த அன்று எடுத்த படத்தில், கழுத்து நிறையச் சிப்பி மாலைகளோடு எல்வைனா ஆடிக்கொண்டிருந்தாள்.