காய்ச்சல் விட்ட பிறகு

நேசையன் படுத்த பன்னிரண்டாம் நாள்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் இராஜபாளையம் வந்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்து, "டைபாய்டு" என்றார். அவன் மனைவி கிருபாபாயிடம் விவரமாகவே சொன்னார். முதல் வாரம் படிப்படியாக ஏறும். இரண்டாம் வாரம் இறங்காமல் நிற்கும், வயிறு உப்பும், பிதற்றல் வரும். மூன்றாம் வாரம் தாண்டினால் இறங்கும்.

"எறங்கின பொறவுதாம்மா ஆபத்து. பசி எடுக்கும். குடல்ல புண்ணு ஆறியிருக்காது, சோறு போனா ஓட்டை விழுந்திரும். பத்து நாளைக்கு மோர்த்தெளிவும் பார்லித் தண்ணியுந்தான்."

அதற்குமேல் கிருபாபாய்க்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. போன வருஷம் மகள் இன்பத்துக்கும் இதே காய்ச்சல். இருபத்திரண்டாம் நாள் விட்டது. எல்லோரும் செய்கிறபடி தலைக்குத் தண்ணீர் ஊற்றி, குழைந்த சோற்றில் பருப்புத் துவையல் பிசைந்து ஊட்டினாள். பிள்ளை ஆவலாய் வாங்கித் தின்றது. மறுநாள் வயிறு கல்லாகி, பொழுது சாயுமுன் போய்விட்டது. கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்றார்கள் சபையார். அவளும் இந்த நிமிஷம்வரை அப்படித்தான் நம்பியிருந்தாள்.

யாரிடம் சொல்வது? காய்ச்சலுக்குப் பயந்து தெருவே ஒதுங்கிவிட்டது. ஜெபிக்க வந்தவர்கள்கூட வாசலுக்கு வெளியே நின்று ஜெபித்துவிட்டுப் போனார்கள். கர்த்தருக்கு நல்ல காது, அதனால் அவர்களுக்குச் சிரமமில்லை.

இருபத்தோராம் நாள் காய்ச்சல் இறங்கியது. நேசையன் சோறு கேட்டான். வீட்டிலிருந்த அரிசியை முன்பே எடுத்து அண்டை வீட்டில் கொடுத்திருந்தாள். தானும் பார்லித் தண்ணீரைத்தான் குடித்தாள். அவன் கெஞ்சினான், பிறகு ஏசினான்.

"ஏட்டி, எம்மவளுக்கு அள்ளி அள்ளிக் குடுத்தியே. எனக்கு ஒரு வாய்க்கு வழியில்லையா?"

அவள் பார்லித் தண்ணீர்த் தம்ளரை நீட்டினாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். ஆறு நாள் அவளோடு பேசவில்லை. அந்த வீட்டில் அவளோடு பேச வேறு ஆளும் இல்லை.

டாக்டர் சொன்ன கெடுவுக்கு மேலும் ஒரு நாள் பொறுத்துத்தான் உலை வைத்தாள். துவையல் அரைக்கக் கை வரவில்லை. தெளிந்த ரசம் ஊற்றிக் கரைத்து ஊட்டினாள். முதல் வாய் உள்ளே போனதும் அவன் கண் கலங்கியது. கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"இன்பம் போனதுல எனக்கு ஒரே ஆறுதல் இதுதான், கிருபா. பிள்ள பட்டினியாப் போகல. ஒங் கையால வயிறு நெறையத் தின்னுட்டுத்தான் போச்சு."

டாக்டர் சொன்னதை அவனிடம் சொல்லிவிடலாம். சொன்னால் அவளுடைய பாரம் பாதி இறங்கும். அவனுக்கு இருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும்.

"ஆமா" என்றாள். "இன்னொரு வாய் வாங்கிக்கோங்க."